உலகில் எத்தனை பேருக்குக் கண்ணாடி வேண்டும்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வணக்கம். நான் 22 ஆண்டுகளாக ஆப்டோமெட்ரிஸ்டாக வேலை பார்க்கிறேன். பவர் பார்ப்பது, கண்ணாடி எழுதிக் கொடுப்பது, பள்ளிக்கூட முகாம்களுக்குப் போவது, இதுதான் என் வேலை. கண் நோய், அறுவை சிகிச்சை பற்றியெல்லாம் கண் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். மற்றபடி பவர் சம்பந்தமாக எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

கோவை, கல்லூரி மாணவி: உலகத்தில் எத்தனை பேருக்குப் பார்வைக் குறை? படிக்கிற இடத்திலெல்லாம் வேறு வேறு எண் இருக்கிறதே?

நல்ல கேள்வி. எண்ணுகிற பொருளே வேறு வேறு, அதனால்தான் எண்ணும் மாறுகிறது. உங்களுக்கு மைனஸ் 2 பவர், கண்ணாடி போட்டால் எல்லாம் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பவர் உள்ளவர்கள்’ கணக்கில் நீங்கள் உண்டு. ‘பார்வை குறைந்தவர்கள்’ கணக்கில் இல்லை. இந்த இரண்டையும் குழப்பித்தான் பலர் எழுதுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பார்வை பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. அதன்படி 2020-இல் கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் இருப்பது மங்குவது (மைனஸ் பவர்), உள்ளவர்கள் சுமார் 260 கோடி. வெள்ளெழுத்து, அதாவது 40 வயதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்குவது, சுமார் 180 கோடி பேருக்கு. அந்த 180 கோடியில் 82.6 கோடிப் பேரிடம் சரியான கண்ணாடி கிடையாது. நான் எல்லோரிடமும் சொல்வது இந்த எண்ணைத்தான். இவர்களுக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை, மருந்து தேவையில்லை, சாதாரண ப்ளஸ் கண்ணாடி ஒன்று போதும். அது போய்ச் சேரவில்லை.

ஈரோடு: பையனுக்கு 9 வயது, மைனஸ் 1. கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்கிறார்கள். போடாமல் விடலாமா?

விடாதீர்கள். குழந்தை வளரும்போது கண்ணும் வளர்கிறது. கிட்டப்பார்வை உள்ள குழந்தையின் கண் அளவுக்கு மீறி நீளமாகிறது. அந்த வளர்ச்சியால்தான் பவர் ஏறுகிறது, கண்ணாடியால் அல்ல. 2002-இல் வெளியான மலேசிய ஆய்வு ஒன்றில் சில குழந்தைகளுக்கு வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். முழுப் பவர் போட்டவர்களைவிட அவர்களுக்குத்தான் வேகமாக ஏறியது.

இன்னொன்று. சொட்டு மருந்து போட்டுப் பார்க்காமல் குழந்தைக்கு முதல் கண்ணாடியை வாங்காதீர்கள். குழந்தையின் கண் உள்ளுக்குள்ளேயே இறுக்கிப் பிடித்து, இல்லாத மைனஸைக் காட்டும். சொட்டு மருந்து அந்த இறுக்கத்தைத் தளர்த்தும். கம்ப்யூட்டரில் ஒரு நிமிடம் முகத்தை வைத்துச் சீட்டு வாங்கி, அதை அப்படியே கடையில் கொடுப்பது தவறு.

சிங்கப்பூர்: என் மகள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கண்ணாடி. எல்லாம் ஃபோனால்தானே?

ஃபோன் வருவதற்கு முன்பே உங்கள் ஊரில் இந்தக் கதை தொடங்கிவிட்டது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளை, 6, 7 வயதுக்காரர்களை, ஒப்பிட்டார்கள். இரண்டு இடத்திலும் ஒரே வம்சாவளிதான். சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதம். படிப்பு, புத்தகம் எல்லாம் கேட்டுப் பார்த்தார்கள். சிட்னிக் குழந்தைகள் ஒன்றும் குறைவாகப் படிக்கவில்லை. பெரிய வித்தியாசம் வெளியில் இருக்கும் நேரத்தில் இருந்தது. சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி நேரம், சிங்கப்பூரில் 3.05 மணி நேரம்.

மதுரை: இதை நான் ஏற்க மாட்டேன். என் அப்பா மைனஸ் 6, நான் மைனஸ் 5, என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மைனஸ். பரம்பரை இல்லை என்றால் இது என்ன?

பரம்பரை இல்லை என்று நான் சொல்லவே இல்லை. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் மைனஸ் என்றால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நிச்சயமாகக் கூடுதல். ஆனால் ஒரே தலைமுறையில் ஒரு ஊரே மைனஸ் ஆவதைப் பரம்பரையால் விளக்க முடியாது. அலாஸ்காவின் வடகோடியில் வாழும் இன்யூட் மக்களை 1960-களின் கடைசியில் சோதித்தார்கள். தனித்தனிக் குடியிருப்புகளில் வளர்ந்த பெரியவர்கள் 131 பேரில் கிட்டப்பார்வை இருந்தது 2 பேருக்கு. அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளில் பாதிக்கு மேல். நடுவில் என்ன வந்தது? பள்ளிக்கூடம் வந்தது. ஒரு தலைமுறையில் மரபணு மாறாது.

சென்னை: பிள்ளையை வெயிலில் அனுப்பச் சொல்வது எளிது. நம் ஊர் வெயிலைப் பார்த்தீர்களா? நானும் மதுரைக்காரர் கட்சிதான்.

உச்சிவெயிலில் நிறுத்தச் சொல்லவில்லை, சூரியனைப் பார்க்கவும் சொல்லவில்லை. மரத்தடி போதும். தொப்பி போட்டுக்கொள்ளட்டும். டியூப் லைட் எரிகிற அறையில் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். வெளியே, நிழலில்கூட, அதைவிடப் பல மடங்கு. அந்த வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமீன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, அது கண் நீளமாவதைத் தடுக்கிறது என்பதுதான் இப்போது பலரும் ஏற்கும் விளக்கம். கோழிக்குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனைகளும் அதையே காட்டின.

சோதித்தும் பார்த்தாயிற்று. சீனாவின் குவாங்சோ நகரில் சில பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் வெளியில் கூடுதல் வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால், வெளியே போனவர்களில் 30.4 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை, மற்றவர்களில் 39.5 சதவீதம். 2015-இல் வெளியான முடிவு இது. வெறும் 40 நிமிடத்துக்கு இவ்வளவு. தைவான் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே அனுப்பும் திட்டத்தை நடத்துகிறது. பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே வந்த எண் அதன் பிறகு இறங்கியது.

மதுரை, மறுபடியும்: அப்படியானால் ஃபோனைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்கிறீர்களா?

இல்லை ஐயா. ஃபோனைப் பிடித்திருக்கும் பிள்ளை வீட்டுக்குள் இருக்கிறது, ஒரு சாண் தூரத்தில் பார்க்கிறது. கிட்டத்து வேலையும் காரணம்தான். தென்கொரியாவின் சோல் நகரில் 2010-இல் ராணுவத் தேர்வுக்கு வந்த 19 வயது ஆண்களில் 96.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஸ்மார்ட்ஃபோன் ஏது? பாடப்புத்தகமும் டியூஷனும்தான் இருந்தன. ஃபோனைப் பிடுங்கிவிட்டு அதே பிள்ளையை மாலை ஐந்து மணிக்கு டியூஷனுக்கு அனுப்பினால் கண்ணுக்கு ஒரு லாபமும் இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே மைனஸ் இருப்பதால், பவர் ஏறும் வேகத்தைக் குறைக்கும் சிறப்பு லென்ஸ்கள், அளவு குறைத்த அட்ரோபின் சொட்டு மருந்து பற்றிக் கண் மருத்துவரிடம் கேளுங்கள். அட்ரோபினை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

டொரண்டோ: 2050-இல் உலகில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை வரும் என்பது உண்மையா?

அது ஒரு கணிப்பு. ஆஸ்திரேலியாவின் பிரையன் ஹோல்டனும் அவர் குழுவும் செய்தது, 2016-இல் வெளியானது. 2000-இல் சுமார் 140 கோடியாக இருந்தது 2050-இல் 476 கோடியாகும் என்றார்கள். எனக்குக் கவலை அதிலுள்ள இன்னொரு எண்: அதிகப் பவர் உள்ளவர்கள் 93.8 கோடி ஆவார்கள் என்பது. மைனஸ் 1-ஐக் கண்ணாடி பார்த்துக்கொள்ளும். பவர் மிக அதிகமானால் விழித்திரை இழுபட்டு மெலிகிறது. அது கிழியலாம், பிரியலாம், நடுப்பார்வை போகலாம்.

திருச்சி: லேசிக் செய்தால் அந்த ஆபத்து போய்விடுமா?

போகாது. லேசிக் என்பது லேசர் அறுவை சிகிச்சை, அது முன்னால் இருக்கும் கருவிழியைச் செதுக்குகிறது. நீளமான கண் நீளமாகவேதான் இருக்கும். விழித்திரைப் பரிசோதனையை நிறுத்தாதீர்கள்.

சேலம்: கண்ணாடி போட்டால் பவர் ஏறுமா?

ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கும்பகோணம்: கேரட் சாப்பிட்டால், கண் பயிற்சி செய்தால் மைனஸ் இறங்குமா?

இறங்காது. வைட்டமின் ஏ குறைந்தால் வரும் மாலைக்கண்ணுக்கு உணவு உதவும். நீண்டுவிட்ட கண் சாப்பாட்டால் சுருங்காது.

நாகர்கோவில்: நேற்றிலிருந்து வலது கண்ணில் மின்னல் மாதிரி வெளிச்சம், ஓரத்தில் திரை விழுந்த மாதிரி இருக்கிறது. பவர் மாறியிருக்குமா?

இது பவர் இல்லை. இதைப் படித்த உடனே கண் மருத்துவமனைக்குப் போங்கள். நாளைக்குத் தள்ள வேண்டாம்.

தஞ்சாவூர்: என் பெண்ணுக்குக் கண்ணாடி போட்டால் பவர்...

அம்மா, இது மூன்றாவது முறை. ஏறாது. போடுங்கள். ஆனால் சொட்டு மருந்து போட்டுப் பார்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வால்பாறை: அம்மாவுக்கு 47 வயது, எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். தூரத்தில் நன்றாகத் தெரிகிறது. இப்போதெல்லாம் பறிக்கும் கொழுந்தின் எடை குறைகிறது என்று வருத்தப்படுகிறார். இதற்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். உங்கள் கேள்விக்குத்தான் விரிவாக எழுத நினைத்தேன். அஸ்ஸாமில் 40 வயதுக்கு மேற்பட்ட தேயிலைத் தொழிலாளர்கள் 751 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2018-இல் வெளியானது. எல்லோருக்கும் வெள்ளெழுத்து. பாதிப் பேருக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்தபின். கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்து, போடாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. பங்களாதேஷ் கிராமங்களில் கைவேலை செய்பவர்களிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில் வருமானமே மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது.

முகாம்களில் நான் அடிக்கடி பார்ப்பது இது. பூக்கட்டும் அம்மா ஒருவர் வந்து உட்காருவார். தூரத்து எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்துவிடுவார். கிட்டத்து அட்டையைக் கொடுத்தால் கை நீண்டுகொண்டே போகும், பிறகு தலையும் பின்னால் சாயும். டிரையல் ஃபிரேமில், அதாவது பவர் பார்க்க லென்ஸ் மாற்றி மாற்றிப் போடும் சட்டத்தில், ப்ளஸ் 1.5 லென்ஸைப் போடுவேன். கை தானாக மடங்கிப் பக்கத்தில் வரும். அட்டையைப் படிக்க மாட்டார். முதலில் தன் விரல் நகத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எத்தனை வருடமாக அதைத் தெளிவாகப் பார்க்கவில்லை என்று யாரும் அவரைக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

அம்மாவை ஒரு முறை முழுப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரவிந்த் போன்ற மருத்துவமனைகள் சிறிய ஊர்களிலும் விஷன் சென்டர் வைத்திருக்கின்றன, பக்கத்தில் எது என்று விசாரியுங்கள். பவர் பார்ப்பவரிடம் அம்மா செடியைப் பார்க்கும் தூரத்தைக் கையால் காட்டச் சொல்லுங்கள். புத்தகம் படிக்கும் தூரத்துக்குப் போட்ட பவர் அந்த வேலைக்குக் கூடுதலாகிவிடும்.

வால்பாறை, மீண்டும்: நன்றி. மலைச்சரிவில் கண்ணாடியோடு நடக்கலாமா? விழுந்து உடைந்துவிடாதா?

கிட்டத்துக்கான கண்ணாடியோடு நடந்தால் கால் வைக்கும் இடம் மங்கலாகத் தெரியும், படியும் சரிவும் தப்பாகப் படும். நடக்கும்போது கழற்றிவிட வேண்டும். கழுத்தில் தொங்கும்படி ஒரு கயிறு கட்டிக் கொடுங்கள், பிளாஸ்டிக் லென்ஸாகக் கேட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் துடைக்க ஒரு பருத்தித் துணியும் மடியில் இருக்கட்டும்.