தலையில் அடிபட்டால் குணம் மாறுமா? சிடி ஸ்கேன் நார்மல் என்றார்களே?

கேள்வியின் சுருக்கம்: நான்கு மாதத்துக்கு முன் தம்பி ஓ.எம்.ஆரில் பைக்கிலிருந்து விழுந்தான். சிடி ஸ்கேன் நார்மல், மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது எடுத்ததற்கெல்லாம் கத்துகிறான், கேட்காமல் ஆன்லைனில் பணத்தை இறைக்கிறான். வேண்டுமென்றே செய்கிறானா?

பதில்:

விபத்துக்கு முன் இப்படி இல்லை என்றால், வேண்டுமென்று செய்வதாக நினைக்காதீர்கள். அடிபட்ட அன்று சிடி எடுப்பது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டிய ரத்தக்கட்டோ எலும்பு முறிவோ இருக்கிறதா என்று பார்க்கத்தான். நரம்பிழைகள் இழுபட்டு அறுந்திருந்தால் அது பெரும்பாலும் சிடியில் தெரியாது. எம்ஆர்ஐயில், அதிலும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற வகைப் படத்தில்தான் நுண்ணிய ரத்தக்கசிவுகள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். அதுவும் நார்மலாக வந்து, பிரச்சினை மட்டும் இருப்பவர்கள் உண்டு.

தரையில் மோதியதும் மண்டை ஓடு நின்றுவிடும், உள்ளே மூளை நிற்காது. கண்குழிகளுக்கு மேலே மண்டையோட்டின் தளம் வழவழப்பாக இல்லை, மேடும் முகடுமாகக் கரடுமுரடாக இருக்கும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியான முன்மடலின் அடிப்பகுதியும் பொட்டுப் பக்கத்து மடலின் நுனியும் அதில் உரசிக் கன்றிப்போகின்றன. பின்மண்டையில் அடிபட்டால்கூட சேதம் முன்பக்கம் விழுவது இதனால்தான். ஹெல்மெட் மண்டை உடையாமல் காப்பாற்றும், உயிரையும் காப்பாற்றும். உள்ளே நடக்கும் இந்த அசைவை முழுதாகத் தடுக்க அதனால் முடியாது.

கோபமோ ஆசையோ எழும்போது அமிக்டலா போன்ற மூளையின் உள்பகுதிகள் முந்திக்கொள்ளும். 'இதைச் செய்தால் பின்னால் என்ன ஆகும்' என்று எடைபோட்டு அடக்குவதில் முன்மடலின் அந்த அடிப்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. பைக்கில் பிரேக் வயர் தளர்ந்துபோன மாதிரி, எஞ்சினில் கோளாறில்லை. அதனால்தான் பேச்சும் கணக்கும் ஞாபகமும் நன்றாகவே இருக்கலாம், நடத்தை மட்டும் மாறியிருக்கும். முன்மடலின் நடுப்பக்கம் அடிபட்டால் கதை வேறு: குளிக்காமல், பேசாமல், சொன்னால்தான் எழுந்திருப்பார். வீட்டில் சோம்பேறி என்று பெயர் வைத்துவிடுவார்கள். அதுவும் காயம்தான்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். கண்ணை மூடச் சொல்லி, ஒரு மூக்குத் துளையை அடைத்து, காபித்தூளை மற்றதன் அருகே நீட்டுங்கள். பிறகு மறுபக்கம். சளி இல்லாமலும் வாசனை தெரியவில்லை என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வாசனை நரம்பிழைகள் முன்மடலுக்கு நேர் கீழே சல்லடை போன்ற எலும்பு வழியாக ஏறுகின்றன, மூளை அசையும்போது அவை அறுந்துபோகலாம். வாசனை தெரியாதவருக்கு கேஸ் கசிவதும் தெரியாது, சாம்பார் ஊசிப்போனதும் தெரியாது. தனியாக அடுப்படியில் விடாதீர்கள்.

அடுத்து, சரிசெய்யக்கூடிய காரணங்கள். முதலில் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். லெவிடிராசெட்டம் இருக்கிறதா? வலிப்பைத் தடுக்கும் மருந்து. சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பிவிடும். தலைக்காயத்துக்கு முதல் 7 நாள் கொடுப்பது வழக்கம், வலிப்பே வராதவருக்கு அதற்குமேல் பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், வலிப்பு வரக்கூடும். டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். சோடியம், தைராய்டு, கார்டிசால் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். மூளைக்கு அடியில் இருந்து தைராய்டு, கார்டிசால் போன்றவற்றை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டிருந்தால் சோர்வும் மனச்சோர்வுமாக வரும். தூக்கம் கெட்டாலும் குடித்தாலும் எல்லாம் இரண்டு மடங்கு மோசமாகும்.

கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிப்போவதா என்று உறவில் யாராவது தொடங்குவார்கள். மனநல மருத்துவர் தேவைப்படலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் முதலில் நரம்பியல். சென்னை சென்ட்ரலுக்கு எதிரே ஜி.எச்.சில் அந்தப் பிரிவு இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்கேன் படமும் கையில் இருக்கட்டும். டாக்டரின் அறையில் பத்து நிமிடம் தம்பி பொறுமையாக, தெளிவாகப் பேசுவார். அமைதியான அறை, ஒருவர் ஒரு கேள்வி கேட்கிறார். அங்கே அடக்கும் வேலை குறைவு. 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. அதனால் ஒரு வாரம் குறித்துவைத்துக் கொடுங்கள்: எத்தனை மணிக்குக் கத்தினார், அதற்கு முன் என்ன நடந்தது, இரவு எவ்வளவு தூங்கினார், சாப்பிட்டாரா. கவனம், ஞாபகம், முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றை அளக்கும் நரம்பியல்-உளவியல் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் அறிவுரை எடுபடாது, சூழலை மாற்றினால்தான் நடக்கும். டிவி, மிக்ஸி, மூன்று பேர் பேச்சு எல்லாம் சேர்ந்தால் காயப்பட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும். தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவுக்குக் கூட்டிப்போகாதீர்கள். மதியம் அரை மணி இருட்டறையில் ஓய்வு. ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்லுங்கள். கத்தும்போது நியாயம் பேசாமல் குரலைத் தாழ்த்தி விலகுங்கள், அடங்கிய பிறகு பேசலாம். பணத்துக்கு, அவரிடம் சொல்லிவிட்டே, சிறு தொகை மட்டும் இருக்கும் தனிக் கணக்கில் யூபிஐயை இணைத்து, வங்கியில் தினசரி வரம்பைக் குறைத்துவிடுங்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை பைக் சாவி உங்களிடம் இருக்கட்டும்.

முன்னேற்றம் முதல் ஆறு மாதத்தில்தான் வேகமாக இருக்கும், அதற்குப் பிறகும் நிற்காது. 1848இல் அமெரிக்காவில் ஃபினியாஸ் கேஜ் என்ற ரயில்பாதை மேஸ்திரியின் முன்மடலைத் துளைத்துக்கொண்டு சுமார் 6 கிலோ இரும்புக் கம்பி வெளியேறியது. அவர் குணம் மாறியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பிற்பாடு சிலியில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதைச் சொல்வதில்லை. தினமும் ஒரே ஒழுங்கில் நடக்கும் வேலை அவரை நிலைப்படுத்தியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தம்பிக்கும் எழும் நேரம், சாப்பாடு, நடை, ஒரு சிறு வேலை என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

வலிப்பு, நாளுக்கு நாள் கூடும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி: இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108. சாவைப் பற்றிப் பேசினால் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.