மூத்த பேண்டுக்குப் பக்கவாத்தியம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் பழைய ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஹேக்னி டைமண்ட்ஸ்’ ஆல்பத்தைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு, என் மகனிடம் கேட்டு வாங்கி முழுவதும் கேட்டேன். பாட்டுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு உறுத்தல். எண்பதைத் தொட்டவர்கள், முப்பது சொச்சம் வயதுப் பையனிடம் போய் ரெக்கார்டிங் பொறுப்பை ஒப்படைக்கிறார்கள். டிரம்ஸுக்குக் கூலி ஆள், பேஸ் கிட்டாருக்குக் கூலி ஆள். மிச்சம் இருப்பது மூன்றே பேர். இதைப் பெயர்ப்பலகை வியாபாரம் என்று சொல்லக்கூடாதா?

இதைக் கேட்பதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. மன்னார்குடிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். குழு தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. டிரம்ஸ் வாசித்தவர் மகனோடு இருக்கிறேன் என்று சிங்கப்பூர் போய்விட்டார். இந்த நேரத்தில்தான் எங்கள் சொந்தப் பாட்டுகள் ஆறை ஒழுங்காகப் பதிவு செய்து வெளியிடலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. தஞ்சாவூரில் வீட்டு மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு தம்பியைச் சொன்னேன். எங்கள் பாடகர் அண்ணன், “அவன் பிறக்கிறதுக்கு முன்னாடியே நான் மேடை ஏறினவன், எனக்கு அவன் சொல்லித்தருவானா?” என்கிறார். டிரம்ஸுக்கு இரண்டு பேர் பெயர் அடிபடுகிறது. ஒருவர் சென்னையில் சினிமா ரெக்கார்டிங்கில் வாசித்தவர், இன்னொருவர் திருத்துறைப்பூண்டிப் பையன். தை பிறந்ததும் வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்கிறார்கள். யாரை, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கே., மன்னார்குடி

*

அன்புள்ள கே.,

பெயர்ப்பலகை என்று தாராளமாகச் சொல்லலாம். சொல்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ‘கூலி ஆள்’ என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நம் பக்கத்துக் கோயில் திருவிழா நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நாயனக்காரர் பெயருக்குக் கீழே, சில நோட்டீஸில் அதே அளவு எழுத்தில், ‘ஸ்பெஷல் தவில்’ என்று ஊர்ப்பெயரோடு ஒருவர் இருப்பார். அவர் அந்த செட்டைச் சேர்ந்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த ஒரு ராத்திரிக்குப் பேசி, அட்வான்ஸ் கொடுத்து வரவழைத்தவராக இருப்பார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவில் வாசித்தபோது யாராவது அவரைக் கூலி ஆள் என்று நினைத்திருப்பார்களா? பணம் பேசி வந்தவரா, கூடப் பிறந்தவரா என்பது விஷயமே இல்லை. அவரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் விஷயம்.

ஸ்டோன்ஸ் இதில் ஒரு நல்ல பாடம். 1993இல் பேஸ் வாசித்த பில் வைமன் விலகினார். அந்த இடத்துக்கு நிறையப் பேரை வரவழைத்து வாசிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் பாடகர் மிக் ஜாகரும் கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸும் செய்த புத்திசாலித்தனமான காரியம், முடிவை டிரம்மர் சார்லி வாட்ஸிடம் விட்டது. அவர் கைகாட்டியது டாரில் ஜோன்ஸை. சிகாகோக்காரர், மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் குழுவில் இளம் வயதிலேயே வாசித்தவர். ராக் உலகத்தில் பெரிய நட்சத்திரம் கிடையாது. சார்லியும் மனசளவில் ஜாஸ்காரர்தான், ராக் அவருக்கு உத்தியோகம்.

ஏன் சார்லி? பெரும்பாலான பேண்டுகளில் மற்றவர்கள் டிரம்ஸைப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஸ்டோன்ஸில் அது தலைகீழ். கீத்தின் கிட்டார் முன்னால் போகும், சார்லி அதைக் கேட்டுக் கேட்டுப் பின்னால் வருவார். அந்த நூலிழை தாமதத்தில்தான் அவர்கள் பாட்டின் ஆட்டமே இருக்கிறது. சார்லிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. முன்னால் இருக்கும் ஸ்னேர் டிரம்மில் அடி விழும்போது, ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டிலிருந்து வலது கையை எடுத்துவிடுவார். பழைய வீடியோக்களில் பாருங்கள், நன்றாகத் தெரியும். இந்தக் கோணல்களுக்கு நடுவில் உட்கார்ந்து பேஸ் வாசிப்பவர் கணக்காக வாசித்தால் எல்லாம் கெட்டுப்போகும். இழுத்தாலும் கெட்டுப்போகும். வெளியிலிருந்து கேட்கிற எந்த நிபுணருக்கும் இது முழுதாகப் பிடிபடாது. ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கப்போகிறவருக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

2021இல் சார்லிக்கு உடம்பு முடியவில்லை. சுற்றுப்பயணத்துக்குத் தன் இடத்தில் ஸ்டீவ் ஜோர்டன் உட்காரட்டும் என்று அவரே சொன்னார். ஆகஸ்ட் 24 அன்று, எண்பதாவது வயதில், இறந்துபோனார். செப்டம்பரில் பயணம் தொடங்கியது. ஜோர்டன் நேற்று வந்தவர் இல்லை. 1988இல் கீத் தனியாக வெளியிட்ட முதல் ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசித்து, கூடவே இணைப் புரொட்யூசராகவும், அதாவது ரெக்கார்டிங் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டவராகவும், இருந்தவர். கீத்தின் வலது கை எந்த இடத்தில் விழும் என்பது அவருக்கு முப்பது வருஷப் பழக்கம். அடி கொஞ்சம் கனமாக, கொஞ்சம் முன்னாலேயே விழுகிறது என்பது என் அபிப்பிராயம். சார்லியின் அசிரத்தை மாதிரித் தெரிகிற அந்த லாவகம் இல்லைதான். ஆனாலும் வேறு யாரும் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது.

இன்னொரு பழைய ராக் குழுவான டீப் பர்ப்பிளிலும் இதேதான். 2022இல் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் மோர்ஸ் மனைவியின் உடல்நிலை காரணமாக விலகியபோது வந்த சைமன் மெக்பிரைட், கீபோர்டு வாசிக்கும் டான் ஏரியின் தனிக் குழுவில் ஏற்கெனவே வாசித்தவர்.

எதிர் உதாரணம் பர்மிங்ஹாமின் ராக் குழு பிளாக் சபத். 2013இல் பழைய ஆட்கள் சேர்ந்து ‘13’ ஆல்பம் செய்தபோது, டிரம்மர் பில் வார்டு ஒப்பந்தத் தகராறில் வெளியே நின்றார். புரொட்யூசர் ரிக் ரூபின். ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவின் பிராட் வில்க் வந்து வாசித்தார். ஆல்பம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்குப் போனது, அதனால் தோல்வி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கேட்டுப் பாருங்கள். டிரம்ஸ் எல்லா இடத்திலும் சரியாக இருக்கிறது, எந்த இடத்திலும் பேஸ் வாசிக்கிற கீஸர் பட்லரோடு பேசவில்லை. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமில் நடந்த கடைசிக் கச்சேரிக்கு பில் வார்டே வந்து உட்கார்ந்தார். தேய்ந்த கைதான். இருந்தும் எனக்கு அதுதான் சபத்.

தப்பான காரணத்துக்காக ஆளைக் கழித்த கதையும் ஸ்டோன்ஸிடம் இருக்கிறது. பியானோ வாசித்த இயன் ஸ்டூவர்ட், குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1963இல் மேனேஜராக வந்த ஆண்ட்ரூ லூக் ஓல்டம், இவர் முகம் இளைஞர் பத்திரிகைகளுக்கு ஒத்துவராது என்று வெளியே எடுத்தார். அந்த மனிதர் கோபித்துக்கொண்டு போகவில்லை. வேன் ஓட்டினார், சாமான்களைப் பார்த்துக்கொண்டார், தேவைப்பட்டபோது பியானோ வாசித்தார், 1985இல் இறக்கும்வரை கூடவே இருந்தார். டாரில் ஜோன்ஸும் முப்பது வருஷமாக வாசிக்கிறார், குழுப் படத்தில் இன்னும் அவர் முகம் வராது. இந்த ஒரு விஷயத்தில் நம்மூர் நோட்டீஸ்காரர்கள் மேல்.

சரி, புரொட்யூசருக்கு வருவோம். இங்கே நான் சொல்லப்போவது நேர் எதிரானது. பக்கவாத்தியத்தைப் பக்கத்தில் உட்காருகிறவர் தேர்ந்தெடுக்கலாம். புரொட்யூசரை அப்படிச் செளகரியம் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் காரியம் கெட்டுவிடும். எந்தப் பாட்டு வேண்டாம், எந்த டேக் போதும், எங்கே வேகம் கூடிவிட்டது, என்றைக்கு வேலை முடிந்தது என்று சொல்வதற்குத்தான் அவர். நாற்பது வருஷம் கைதட்டல் வாங்கியவர்களிடம் இதை யார் சொல்வது? கூட இருப்பவர்கள் சொல்ல மாட்டார்கள்.

ஸ்டோன்ஸின் மிகச் சிறந்த காலம் 1968 முதல் 1973 வரை என்பதில் பெரிய சண்டை கிடையாது. அந்த ஐந்து ஆல்பங்களுக்கும் புரொட்யூசர் ஜிம்மி மில்லர். அவரே டிரம்மர். ஒரு பாட்டுக்கு சார்லிக்குத் தாளம் பிடிபடவில்லை. மில்லர் இப்படி இருக்கலாமே என்று வாசித்துக் காட்டினார். சார்லி, அப்படியானால் நீயே வாசி என்று எழுந்துவிட்டார். இசைத்தட்டில் இன்றைக்கும் இருப்பது மில்லரின் வாசிப்புதான். சார்லி வாட்ஸையே எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிற ஆள் என்றால் பாருங்கள். 1974இலிருந்து ஜாகரும் கீத்தும் தாங்களே புரொட்யூசர் என்று உட்கார்ந்தார்கள். நல்ல ஆல்பங்களும் வந்தன, ஆனால் இருவருக்கும் சண்டை வந்தபோது நடுவில் பேச ஆளில்லாமல் போனது. 1986இல் வந்த ஆல்பத்துக்கு ஸ்டீவ் லில்லிவைட்டைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அவர் பெரிய பெயர். வீடு எரியும்போது வந்து அவர் என்ன செய்வார்? அப்புறம் 1994இலிருந்து டான் வாஸ். பொறுமைசாலி. அவரோடு செய்ததில் எனக்குப் பிடித்தது 2016இல் வந்த ப்ளூஸ் ஆல்பம். மூன்றே நாளில் பதிவு செய்தது. யோசிக்க நேரம் கிடைக்கவில்லை, அதனால் நன்றாக இருக்கிறது.

சொந்தப் பாட்டுகளோடு முழு ஆல்பம் என்று பார்த்தால் 2005க்குப் பிறகு 2023இல் வந்த ‘ஹேக்னி டைமண்ட்ஸ்’தான். பதினெட்டு வருஷம். பாட்டு இல்லாமல் இல்லை, பாதியில் கிடந்தவை ஏராளம். முடித்துவை என்று சொல்ல ஆளில்லை. அதற்குப் புரொட்யூசராக பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி சிபாரிசு செய்தது ஆண்ட்ரூ வாட்டை. 1990இல் பிறந்தவர். ஜஸ்டின் பீபருக்கும் வேலை செய்திருக்கிறார், சபத்தின் பாடகர் ஆஸி ஆஸ்பர்னுக்கும் செய்திருக்கிறார். தினம் ஒரு ஸ்டோன்ஸ் டி-சர்ட் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாராம். அவ்வளவு ரசிகர். அதைக் கேட்டபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ரசிகன் எப்படி ‘இது வேண்டாம்’ என்பான்? ஆனால் சொல்லியிருக்கிறார். ஜாகர் பிப்ரவரி 14க்குள் முடிக்க வேண்டும் என்று கெடு வைத்தார், அந்தக் கெடுவுக்கு வாட் பாடுபட்டார். சார்லி முன்பே வாசித்து வைத்திருந்த இரண்டு பாட்டுகளும் ஆல்பத்தில் இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு பில் வைமனே திரும்பி வந்து பேஸ் வாசித்திருக்கிறார்.

உங்கள் உறுத்தலில் ஒரு பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். சத்தம் அதிகம். எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி வைத்திருக்கிறார்கள், மெதுவான இடமும் ஓங்கியே கேட்கிறது. போனில் கேட்பவர்களுக்காகச் செய்கிற வேலை அது. அதற்காக வாட்டைத் திட்டலாம். அவர் வயதுக்காகத் திட்ட வேண்டாம்.

இனி உங்கள் குழு. டிரம்மரை நீங்களோ பாடகர் அண்ணனோ முடிவு செய்யாதீர்கள். உங்கள் பேஸ் கிட்டார்காரர் யாரைச் சொல்கிறாரோ அவர். சினிமா ரெக்கார்டிங் அனுபவம் பெரிய விஷயம்தான். ஆனால் அங்கே பெரும்பாலும் காதில், வேகம் மாறாமல் டிக் டிக் என்று தட்டும் மெட்ரோனோம் ஓடும். உங்கள் அண்ணன் பல்லவியில் எங்கே இழுப்பார், சரணத்துக்கு முன்னால் எங்கே மூச்சு வாங்குவார் என்பதற்கு மெட்ரோனோம் கிடையாது. இரண்டு பேரையும் ரிகர்சலில் சோதிக்காதீர்கள், ஆளுக்கொரு கோயில் மேடை கொடுங்கள். நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் போடும் வரைக்கும் கூட்டத்தை யார் பிடித்து வைக்கிறார் என்பதும் தெரிந்துவிடும்.

தஞ்சாவூர்த் தம்பிக்கு ஒரே பரீட்சை. ஆறு பாட்டுக்கு எட்டு பாட்டாகக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள். அதில் இரண்டு சுமார் என்று உங்களுக்கே தெரிந்த பாட்டுகளாக இருக்கட்டும். எட்டும் பிரமாதம் அண்ணா என்று சொன்னால் காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். இந்த இரண்டும் வேண்டாமே என்று தயங்கியாவது சொன்னால் அவர்தான். அண்ணனுக்குச் சுருக்கென்று இருக்கும், இருக்கட்டும். ‘சொல்லித்தருவானா’ என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பாட்டு அவர் சொல்லித்தர மாட்டார். முப்பது வருஷமாக யாரும் உங்கள் அண்ணனிடம் சொல்லாததைச் சொல்வார்.

உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஸ்டோன்ஸில் 1982இலிருந்து கீபோர்டு வாசிக்கும் சக் லெவல் பெரிய நோட்டுகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி, வேகம், எங்கே யார் நுழைவது என்று எழுதி வைத்திருக்கிறார். மேடையில் சந்தேகம் வந்தால் எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள். (மற்ற நேரத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மரம் வளர்க்கிறார். அரை வேலி நிலம் வைத்துக்கொண்டு கச்சேரிக்கும் போகிற நம் ஆட்களை அவருக்கு உடனே பிடித்துப்போகும்.) நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். முதல் பக்கத்தில் அண்ணனுக்கு இன்றைக்கு எந்த சுருதி வசதி என்று எழுதுங்கள், இருபது வருஷத்துக்கு முன்னால் பாடியதை எழுதாதீர்கள். டீப் பர்ப்பிளின் இயன் கில்லன் தன்னைப் பிரபலமாக்கிய உச்சஸ்தாயிப் பாட்டு ஒன்றை 2002க்குப் பிறகு மேடையிலிருந்தே எடுத்துவிட்டார். உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு கட்டை இறக்கி, கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி, யாரிடமும் சொல்லாமல் வாசித்துவிடுங்கள்.

சம்பளத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். புது டிரம்மர் பெயரும் தம்பியின் பெயரும் யூடியூபில் பாட்டுக்குக் கீழே வர வேண்டும். தேதி விஷயத்தில் தை வேண்டாம். பொங்கல் கழிந்ததும் கல்யாணமும் கோயிலும் ஆரம்பித்துவிடும், வாரத்துக்கு நாலு ராத்திரி மேடையில் இருந்துவிட்டு ஸ்டுடியோவில் அண்ணனுக்குக் குரலே வராது. மார்கழியில் வையுங்கள். போகிக்குள் மிக்ஸிங்கும் முடிந்துவிட வேண்டும் என்று இன்றைக்கே தம்பியிடம் சொல்லிவிடுங்கள். கடைசியாக மாஸ்டரிங் செய்து பாட்டுக்கு முழு வடிவம் கொடுக்கும்போது சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்.