அடி வாங்கியது யார்?

கேள்வி: பெரியவனுக்கு 13 வயது, சின்னவனுக்கு 8. அண்ணன் எதைச் செய்தாலும் தம்பியும் செய்கிறான். போன வாரம் அண்ணன் கிணற்று மேட்டிலிருந்து குதித்ததைப் பார்த்து, நீச்சல் அரைகுறையாகத் தெரிந்த இவனும் குதித்துவிட்டான். மூழ்கப் போனவனை அண்ணன்தான் இழுத்து வந்தானாம். அவனே வந்து சொன்னான். ஆத்திரத்தில் பெரியவனை அடித்துவிட்டேன். இனி இரண்டு பேரும் சேர்ந்து எங்கும் போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். நான் செய்தது சரிதானே?
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சரியில்லை, அம்மா. அடித்ததும் சரியில்லை, சேர்ந்து போகாதே என்றதும் சரியில்லை.

உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் தம்பியை இழுத்து வந்தவனும், நடந்ததை மறைக்காமல் உங்களிடம் சொன்னவனும் ஒரே பையன். அவனுக்குக் கிடைத்தது அடி. அடுத்த முறை ஒன்று நடந்தால் வாயைத் திறப்பானா? "அம்மாகிட்ட சொல்லிடாதே" என்று தம்பியையும் பழக்கிவிடுவான். முதலில் அவனைக் கூப்பிட்டு, தம்பியைக் காப்பாற்றியது பெரிய காரியம் என்று சொல்லுங்கள். தம்பியும் கேட்கும்படி சொல்லுங்கள்.

உங்கள் தடை உத்தரவு கோடை விடுமுறையில் ஒரு வாரம்கூடத் தாங்காது. நீங்கள் வேலைக்குக் கிளம்பியதும் பெரியவன் அவன் கூட்டாளிகளோடு போவான். சின்னவன் தன் வயதுப் பையன்களோடு அதே கிணற்றுக்குப் போவான். அங்கே எட்டிப் பிடிக்க ஆள் இருக்காது.

உயரமும் வேகமும் தண்ணீரும் பிள்ளைகளை இழுக்கத்தான் செய்யும். நார்வே ஆய்வாளர் எல்லன் சான்ட்செட்டர், குழந்தைகள் தாமாகத் தேடிப் போகும் ஆபத்தான விளையாட்டுகளை 2007-ல் வகைப்படுத்தியபோது இந்த மூன்றுக்கும் அதில் இடம் இருந்தது. ஆசைப்பட்டான் என்பதற்காக யாரையும் கெட்ட பையன் ஆக்க வேண்டாம்.

அண்ணன் பேச்சுக்கு உள்ள வலிமையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கனடாவில் பார்பரா மோரன்ஜெல்லோ என்ற உளவியலாளர் இதைச் சோதித்தே பார்த்தார். 1997-ல் வெளியான ஆய்வு அது. விளையாட்டு இடங்களின் படங்களைக் காட்டி, எந்த வழியில் போவாய் என்று இளைய குழந்தையிடம் கேட்டார்கள். அப்புறம் மூத்த குழந்தையை விட்டு அந்த முடிவை மாற்றச் சொன்னார்கள். இளையவர்கள் மாறினார்கள். ஆபத்தான வழிக்கு மட்டுமில்லை, மூத்தவர் பத்திரமான வழியைச் சொன்னபோது அந்தப் பக்கமும் மாறினார்கள். நீங்கள் பிரித்து வைக்கப் பார்ப்பது இந்தச் செல்வாக்கைத்தான். அதை உங்கள் பக்கம் திருப்பப் பாருங்கள்.

அதற்காகக் காவல் வேலை முழுவதையும் அவன் தலையில் கட்டிவிடாதீர்கள். "தம்பியைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. தாய் பார்த்துக்கொள்ளும்போது அடங்குகிற சின்னக் குழந்தை, அண்ணனோ அக்காவோ பார்த்துக்கொள்ளும்போது அந்த அளவுக்கு அடங்குவதில்லை என்பதையும் அதே மோரன்ஜெல்லோ குழுவினர் பிறகு கண்டார்கள். 13 வயதுப் பையன் தாய்க்கு ஈடாக முடியாது. அவனும் பிள்ளைதான்.

உங்கள் சின்னவன் மேட்டில் நின்றபோது தண்ணீரின் ஆழத்தைப் பார்த்திருக்க மாட்டான். கீழே தலையை உலுப்பிக்கொண்டு சிரித்த அண்ணன் முகத்தைத்தான் பார்த்திருப்பான். அண்ணனுக்கு அந்தக் கிணறு உடம்புக்கே தெரியும். போன மாதம் எந்தப் படி வரை தண்ணீர் நின்றது, இப்போது எவ்வளவு இறங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் பாறை துருத்திக்கொண்டிருக்கிறது, மோட்டார் குழாய் எங்கே இறங்குகிறது, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி எட்டிக் குதிக்க வேண்டும் என்பதெல்லாம் யோசிக்காமலே அவனுக்கு வரும். யோசிக்காமல் வருவதால்தான் தம்பிக்கு அது தெரியாது என்பதும் அவனுக்குத் தோன்றவில்லை. அவனிடம் கோபிக்காமல் கேளுங்கள்: "நீ குதிக்கிறதுக்கு முன்னால என்னென்ன பார்ப்பே? தம்பிக்குச் சொல்லிக் கொடு." அவன் வாயாலேயே ஒவ்வொன்றாக வரட்டும்.

ஒன்றை மட்டும் நீங்கள் அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். மூழ்குகிறவன் கைக்குக் கிடைத்ததை இறுக்கிப் பிடித்து அதன் மேல் ஏறத்தான் பார்ப்பான். இந்த முறை 8 வயதுக் குழந்தை என்பதால் சமாளித்துவிட்டான். தன் எடையுள்ள கூட்டாளியாக இருந்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்பார்கள். தம்பியைக் காப்பாற்றக் குதித்த அண்ணனும் பலி என்ற செய்தியைக் கோடைதோறும் படிக்கிறோம். முதலில் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். கயிறு, வேட்டி, துப்பட்டா, நீளமான கழி, காலி பிளாஸ்டிக் கேன் என்று எது கிடைத்தாலும் மேலிருந்து நீட்ட வேண்டும், வீச வேண்டும். குதிக்கக் கூடாது.

2021-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதில் ஏறக்குறைய கால் பங்கு 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும், ஆபத்தில்லாமல் மீட்கும் முறையும் கற்றுக்கொடுங்கள் என்பது அந்த நிறுவனத்தின் பரிந்துரைகளில் ஒன்று. உங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே இது தேவை.

ஆகவே சின்னவனுக்கு நீச்சல் முழுசாக வர வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்த அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ கூட நிற்க, இடுப்பில் கயிறும் கேனும் கட்டி, படி வழியாக இறங்கிப் பழகட்டும். வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தாங்குகிற வேலையை அண்ணனுக்குக் கொடுங்கள், பெருமையாகச் செய்வான். யார் பிடியும் இல்லாமல் கிணற்றைச் சுற்றி வந்து, கால் தரையில் படாமல் கொஞ்ச நேரம் மிதக்கவும் தெரிகிற வரை மேட்டிலிருந்து குதிப்பது கிடையாது. பெரியவர் யாரும் இல்லாத நாளில் இரண்டு பேருக்குமே கிணறு கிடையாது. ஊரில் அப்படி ஆள் இல்லையென்றால், பக்கத்து நகரத்தில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளம் இருக்கிறதா, கோடைப் பயிற்சி எப்போது தொடங்குகிறது என்று விசாரித்து இரண்டு பேரையும் ஒன்றாகவே சேர்த்துவிடுங்கள்.