வட்ஸ்அப்பில் வந்த குடும்பப் படங்களை வேறெங்கும் சேமிக்க வேண்டுமா?

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் விடுமுறையில் வந்து எடுத்த படங்கள் எல்லாம் வீட்டு வட்ஸ்அப் குழுவில் இருக்கின்றன, அதற்கு மேல் எதற்காகச் சேமிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் சேமிக்க வேண்டும். உங்களிடம் வந்திருப்பது அண்ணன் எடுத்த படத்தின் சுருக்கிய பிரதி. என் அம்மா காலமாகி, அவரது முப்பத்தோராம் நாள் நினைவுக்குப் படம் தேடியபோதுதான் எனக்கு இது விளங்கியது.

எங்கள் வீடு மட்டக்களப்பு நாவலடியில் இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று வீட்டோடு சேர்த்து அம்மாவின் றங்குப் பெட்டியையும் கடல் கொண்டுபோனது. அவருடைய கலியாணப் படமும் எங்கள் சிறுவயதுப் படங்களும் அதற்குள்தான் இருந்தன. ஆட்களையே பறிகொடுத்த குடும்பங்கள் வாழும் ஊரில் படங்களைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். சில நாட்களின் பின் மணலுக்குள் ஒரேயொரு அல்பம் அகப்பட்டது. பிரித்துப் பார்த்தபோது நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஊறி, முகங்கள் இருந்த இடங்கள் வெள்ளையாகக் கழன்று வந்தன. அம்மா அவற்றை வெயிலில் காயவைத்து, நாங்கள் திராய்மடுவில் குடியேறிய பின்பும் ஒரு பையில் கட்டி வைத்திருந்தார். அதனால் கட்டாரிலிருந்து வந்த தம்பி தன் போனில் படம் எடுத்துக் குழுவில் போட்டபோது, இனி எந்தக் கடலும் இவற்றைத் தொட முடியாது என்று நான் மனதார நம்பினேன்.

அந்தப் படம் 2018 ஆடி அமாவாசையன்று மாமாங்கேஸ்வரர் தீர்த்தக் குளத்தடியில் எடுத்தது. பதினொரு பேர் நிற்கிறோம். நடுவில் அம்மா, ஈரத் தலையோடு, பேரனின் தோளைப் பிடித்தபடி சிரிக்கிறார். 2022 பெப்ரவரியில் அவர் காலமானார். மின்வெட்டு இல்லாத நேரம் பார்த்து அந்தப் படத்தை நகரத்திலுள்ள ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞர் முகத்தை மட்டும் வெட்டிப் பெருப்பித்துக் காட்டினார். அம்மாவின் கண் இருந்த இடத்தில் நாலைந்து மண்ணிறக் கட்டங்கள் தெரிந்தன. “அக்கா, இது வட்ஸ்அப் படம், ஒரிஜினல் இல்லையா?” என்று கேட்டார். சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளப் பக்கத்தை வட்ஸ்அப் 1600 புள்ளிகள் (பிக்சல்) அளவுக்குச் சுருக்கிவிடும் என்றும், அதைப் பதினொரு பேர் பங்கிட்டுக்கொண்டால் ஒரு முகத்துக்கு நூறு புள்ளிகூட மிஞ்சாது என்றும் அவர்தான் பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

ஒரிஜினல் தம்பியின் போனில் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே, திரை வேலை செய்யவில்லை என்று திருத்தக் கொடுத்த கடையில், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே இருந்த அனைத்தையும் அழித்துவிட்டார்கள். கேட்டதற்கு, “வட்ஸ்அப்பில் இருக்கும்தானே” என்றார்கள். போனை வாங்கும்போதே படங்களை எடுத்துவிட்டீர்களா என்று கேட்க எவ்வளவு நேரம் செல்லும்?

கடைசியில் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பித்தோம். பழைய அட்டை கடலோடு போனதால், தற்காலிகக் கொட்டிலில் இருந்த நாட்களில், 2005இல் எடுத்த படம் அது. கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தின் முன்பக்கத்திலும் இன்று சுவரிலும் இருப்பது அந்த முகந்தான்.

நான் வட்ஸ்அப்பைக் குற்றம் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிக்னல் வந்து வந்து போகும், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஊர்களுக்கும் கொஞ்ச டேட்டாவில் ஒரு படம் போய்ச் சேர்வது, அப்படிச் சுருக்குவதால்தான். மாதாமாதம் காசு கட்டிச் சேமிக்க எல்லோராலும் முடியுமா என்றும் சிலர் கேட்கக்கூடும். நானும் காசு கட்டுவதில்லை. கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம். 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்களும் மின்னஞ்சல்களும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். 2024 முதல் அண்ட்ராய்டு போன்களின் வட்ஸ்அப் காப்புப் பிரதியும் அதே இடத்தைத்தான் பிடிக்கிறது. ஆகவே முகங்கள் தெளிவாக உள்ள படங்களை மட்டும் தெரிந்தெடுத்து, ஒரிஜினல் தரத்தில் ஏற்றுகிறேன். ஒரு படம் 5 எம்பி என்றாலும் 1000 படங்கள் ஏறத்தாழ 5 ஜிபிதான். இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்கை அழிக்கக்கூடும் என்பதால், அம்மாவின் பெயரில் திறந்த கணக்கையும் இடைக்கிடை திறந்து பார்க்கிறேன்.

நீங்கள் இன்றைக்கே அண்ணனிடம் கேளுங்கள். வட்ஸ்அப்பிலேயே இணைப்புக் குறியை அழுத்தி, ‘டாக்குமென்ட்’ வழியாகப் படத்தைத் தெரிவு செய்து அனுப்பினால் அது சுருங்காமல் வரும். எடுத்த திகதியும் அதற்குள் இருக்கும். 2023இல் வந்த ‘எச்டி’ தெரிவு முன்பைவிடத் தெளிவானதுதான், ஆனாலும் அதுவும் சுருக்கியே அனுப்புகிறது. அவர் போன் மாற்றப்போவதாகச் சொன்னால், பழையதை விற்கவோ திருத்தக் கொடுக்கவோ முன் இந்த வேலையை முடிக்கச் சொல்லுங்கள். உங்கள் அம்மா தனியாக நிற்கும் படம் ஒன்றாவது அதில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.