ஒரே பிளேடுதான் போடுகிறேன். ஒரு ரேசர் வருடுகிறது, இன்னொன்று கீறுகிறது. ஏன்?

நானும் முதலில் பிளேடின் மீதுதான் பழி போட்டேன். இணையத்தில் வாங்கிய புது ரேசர் கழுத்தெல்லாம் எரிய வைத்தது. நான்கைந்து பிளேடுகளை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. ஒரு நாள் அதே பிளேடைக் கழற்றி அப்பாவின் பழைய ரேசரில் போட்டேன். ஒரு கீறல்கூட விழவில்லை. குற்றவாளி ரேசரின் தலை என்று அன்றுதான் புரிந்தது.

இரட்டை முனை பிளேடு வெறும் 0.1 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட தகடு. மேல் மூடியும் அடித்தட்டும் அதை வளைத்து இறுக்கிப் பிடிக்கும்போதுதான் அதற்கு விறைப்பு வருகிறது. எவ்வளவு வளைக்கிறது, முனைக்கு எவ்வளவு அருகில் பிடிக்கிறது என்பதில் ரேசருக்கு ரேசர் வேறுபாடு உண்டு. முனையை விட்டுத் தள்ளிப் பிடித்தால் முரட்டுத் தாடியில் பிளேடு அதிரும். முடியை வெட்டாமல் பிடுங்குவதுபோல் இருக்கும்.

இதைவிட முக்கியமானது, முனை எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. மூடியின் விளிம்பையும் கீழேயுள்ள காப்புச் சட்டத்தையும் தொடும்படி ஓர் அளவுகோலை வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுகோல்தான் உங்கள் கன்னம். முனை அந்தக் கோட்டைத் தாண்டி நீண்டால் முரட்டு ரேசர், உள்ளே ஒடுங்கியிருந்தால் சாது. விற்பவர்களோ பெரும்பாலும் பிளேடுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை மட்டுமே எழுதுகிறார்கள். அந்த எண்ணை நம்பித்தான் நான் ஏமாந்தேன். இடைவெளி அதிகமாக இருந்தும் சாதுவான ரேசர்கள் உண்டு.

காப்புச் சட்டத்தில் சீப்புப் பல் வைத்த ரேசரைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற ரேசரே பல் வைத்ததுதான். நீண்ட முடியும் நுரையும் அடைக்காமல் உள்ளே போகத்தான் பல். முரட்டுத்தனத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை.

சாய்வு ரேசர் என்று ஒரு வகை இருக்கிறது. பிளேடைச் சற்று முறுக்கிப் பிடிப்பதால் முனை கோணலாக நிற்கும். அரிவாள்மணையில் வாழைத்தண்டை நேராக அழுத்தாமல் இழுத்து அரிகிறோமே, அந்தச் சூட்சுமம்தான். அடர்ந்த தாடிக்காரர்களுக்கு அருமையானது, ஆனால் புதியவர்கள் கையில் கொடுக்க மாட்டேன்.

1958இல் ஜில்லெட் கொண்டுவந்த, சேகரிப்பாளர்கள் 'ஃபேட்பாய்' என்று அழைக்கும் ரேசரில் 1 முதல் 9 வரை எண்கள் இருக்கும். ரேசர் தலைக்குக் கீழுள்ள வளையத்தைத் திருகினால் இடைவெளி மாறும். வசதிதான், ஆனால் உள்ளே அசையும் பாகங்கள் அதிகம்.

அப்பாவுடையது கைப்பிடியின் அடியைத் திருகினால் மூடி இரண்டு கதவாகத் திறக்கும் வகை. பிளேடு மாற்ற அரை நிமிடம்கூட ஆகாது. எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் அந்தக் கதவுகள் இறுகிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பார். அதனால்தான் நீங்கள் புதிதாக வாங்குவதாக இருந்தால் மூன்றாகக் கழலும், பல் இல்லாத சட்டம் கொண்ட, முனை நீளாத ரேசரைச் சொல்வேன். கழற்றிக் குழாயடியில் காட்டினால் போதும்.

என்னைக் கீறிய ரேசரை நான் தூக்கி எறியவில்லை. மூன்று நாள் தாடி சேர்ந்துவிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுக்கிறேன், கழுத்துப் பக்கம் கொண்டுபோவதில்லை.