முளைத்த பல்லுக்குப் புரோட்டீன் ஊட்ட முடியுமா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. கீழ்த்தாடையில் கடைசியாக வந்த கடைவாய்ப் பல், முளைக்கும்போதே மஞ்சளும் பழுப்புமாக இருந்தது. இப்போது ஓரம் உதிர்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் துள்ளுகிறான். மறுபக்கத்துப் பல் நன்றாகவே இருக்கிறது. நாங்கள் தருமபுரி பக்கம், போர் தண்ணீர்தான் ரொம்ப நாள் குடித்தோம். மெடிக்கல் ஷாப்பில் பால் புரோட்டீன் கலந்த க்ரீம் ஒன்றைக் கொடுத்து, தடவினால் எனாமல் திரும்ப வளரும் என்றார்கள். முட்டை, பருப்பு அதிகம் கொடுத்தாலும் வளருமா? சின்ன வயதில் அவனுக்குப் பால் கொடுத்தால் உடம்பெல்லாம் தடித்துவிடும்.

பதில்: கடைசி வரியை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் க்ரீமில் இருப்பது பாலின் கேசீன் புரோட்டீனிலிருந்து எடுத்த பொருள். பால் அலர்ஜி இருக்கும் பிள்ளைக்கு அதைத் தடவக் கூடாது. வளர வளர இந்த அலர்ஜி பலருக்குப் போய்விடும்தான். ஆனால் உங்கள் பையனுக்குப் போய்விட்டது என்று குழந்தை மருத்துவர் சொல்லும்வரை ட்யூபைத் திறக்காதீர்கள். பால் குடித்தால் வயிறு உப்புவது மட்டும் என்றால் கதை வேறு. அது பாலிலுள்ள சர்க்கரை செரிக்காததால் வருவது, அதற்கும் கேசீனுக்கும் தொடர்பில்லை.

சரி, எனாமல் திரும்ப வளருமா? வளராது. க்ரீமாலும் வளராது, முட்டையாலும் வளராது. சாப்பிடும் புரோட்டீன் உடம்புக்கு நல்லது, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் முளைத்துவிட்ட பல்லின் எனாமலுக்குள் அது போய்ச் சேர வழியே இல்லை, அங்கே ரத்தமும் இல்லை, உயிருள்ள செல்லும் இல்லை.

எனாமலைக் கட்டும் செல்களுக்கு அமெலோபிளாஸ்ட் என்று பெயர். பல் தாடை எலும்புக்குள் இருக்கும்போதே அவை புரோட்டீன்களைச் சுரக்கின்றன. அதில் சுமார் 90 சதவீதம் அமெலோஜெனின். அமெலோபிளாஸ்டினும் எனாமலினும் கொஞ்சம் கொஞ்சம். ஜெல்லி மாதிரியான அந்தப் புரோட்டீனுக்குள் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் மெல்லிய நீள இழைகளாக வரிசை பிடித்து வளரும். வரிசை அமைந்தபின் அந்தப் புரோட்டீன் அங்கே இருக்கக் கூடாது. எம்எம்பி-20, கேஎல்கே-4 என்ற இரண்டு என்சைம்கள் அதைத் துண்டு துண்டாக வெட்ட, செல்கள் அவற்றை உள்ளிழுத்துக்கொள்கின்றன. காலியான இடத்தில் படிகங்கள் பருத்து நெருங்குகின்றன. தளம் போட்டு இறுகியதும் சென்ட்ரிங் பலகையைப் பிரிப்பது மாதிரிதான். முதிர்ந்த எனாமலின் எடையில் 96 சதவீதம் வரை தாதுதான். புரோட்டீன் ஒரு சதவீதம் இருந்தால் அதிகம். பல் ஈறைத் தாண்டி வெளியே வரும்போது கட்டிய செல்களும் போய்விடும். அதனால்தான் இரண்டாம் முறை கட்ட ஆள் இல்லை.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எம்.ஐ.ஹெச். (மோலார் இன்சைசர் ஹைப்போமினரலைசேஷன், எனாமலில் தாது சரியாகப் படியாமல் போவது) என்ற குறைபாட்டோடு ஒத்துப்போகின்றன. ஆறு வயதில் வரும் கடைவாய்ப் பற்களையும் சில நேரம் முன்பற்களையும் இது பாதிக்கும். இந்தப் பழுப்பு எனாமலைச் சோதித்தால், நல்ல எனாமலைவிடப் பல மடங்கு புரோட்டீன் உள்ளே தங்கியிருக்கும். அதாவது உங்கள் பையனின் பல்லில் புரோட்டீன் குறையவில்லை. வெளியேற வேண்டியது வெளியேறாமல், படிகம் பருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டது. அதனால் எனாமல் மென்மையாகி, மெல்லும்போது உதிர்கிறது.

தண்ணீர்மேல் சந்தேகப்படுவது இயல்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் ஃபுளோரைடு கூடுதல் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அளவு மீறிய ஃபுளோரைடும் இந்தப் புரோட்டீன் வெளியேற்றத்தைத்தான் தாமதப்படுத்துகிறது. ஆனால் அதனால் பல்லில் வரும் பாதிப்பான ஃபுளோரோசிஸ் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, எல்லை தெரியாத வெண்கோடுகளாகப் பரவும். ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் சுத்தம், திட்டுக்கு வெட்டினாற்போல் விளிம்பு என்றால் அது பெரும்பாலும் எம்.ஐ.ஹெச். இந்தப் பல்லின் எனாமல் உருவாவது பிறப்பு முதல் சுமார் மூன்று வயதுவரை. அந்த நாட்களில் வந்த கடும் காய்ச்சல் போன்றவற்றோடு இதைத் தொடர்புபடுத்துகிறார்கள். ஒற்றைக் காரணம் என்று எதையும் சுட்ட முடியவில்லை. நீங்கள் ஊட்டியதோ ஊட்டாததோ காரணம் என்று யாராவது வீட்டில் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், அந்தக் க்ரீம் வெறும் ஏமாற்றா? அப்படியும் சொல்ல மாட்டேன். பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீர்ப் புரோட்டீன்கள் எனாமல்மேல் மெல்லிய படலமாக ஒட்டி, அமிலம் நேரடியாகத் தாக்காமல் காக்கின்றன. ஸ்டாத்தரின் என்ற ஒன்று, உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கட்டிதட்டாமல் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும். அந்தக் கையிருப்பிலிருந்துதான் மேற்பரப்பின் சிறு இழப்புகள் சரியாகின்றன. கேசீன் துண்டுகளும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான யோசனை இது. கூச்சம் குறைய உதவலாம். உதிர்ந்த ஓரத்தை அது நிரப்பாது. ஃபுளோரைடு பேஸ்ட்டுக்குப் பதிலாகவும் ஆகாது.

வீட்டில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். டப்பாவில் 1000 பிபிஎம் ஃபுளோரைடு என்று போட்டிருக்கும் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு எடுங்கள். பிள்ளைகளுக்கென்று விற்கும் சிலவற்றில் அளவு குறைவு, சிலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. உங்கள் ஊர் என்பதால் அவன் விழுங்காமல் துப்புகிறானா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கூசினால் வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான பிரஷ். உப்பு, கரித்தூள் எல்லாம் வேண்டாம், இந்த எனாமல் தாங்காது. தூங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடும் என்பதால் இரவு துலக்கியபின் தண்ணீர் தவிர எதுவும் கொடுக்காதீர்கள்.

ஆனால் உதிர ஆரம்பித்த பல்லுக்கு வீட்டு வைத்தியம் போதாது. குழந்தைப் பல் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். இந்தப் பல் எந்தப் பால்பல்லும் விழாமலே பின்னால் வருவதால், விழப்போகிற பல்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள்; இது நிரந்தரப் பல். கூச்சத்துக்கு ஃபுளோரைடு வார்னிஷ் பூசலாம். ஓரத்தைக் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டால் மூடலாம். பல் நிறத்து ஃபில்லிங் இந்த எனாமலில் அடிக்கடி கழன்றுவிடும், உள்ளே தங்கிய புரோட்டீன் ஒட்டவிடாது. சேதம் அதிகமென்றால் ஸ்டீல் கேப் போடச் சொல்வார்கள். வெள்ளியாகத் தெரிகிறதே என்று தயங்காதீர்கள், பல்லைக் காப்பாற்ற அது நல்ல வழி. மிகவும் மோசமான பல்லை 8 முதல் 10 வயதுக்குள் எடுத்தால், பின்னால் வரும் பல் நகர்ந்து அந்த இடத்துக்கு வர வாய்ப்புண்டு. அதை எக்ஸ்ரே பார்த்து, பல் சீரமைப்பு நிபுணரிடமும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது முளைத்துக்கொண்டிருக்கும் முன்பற்களிலும் திட்டு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் அதையும் காட்டுங்கள். அங்கே மெல்லும் அழுத்தம் குறைவு, அவ்வளவாக உதிராது. நிறத்தைச் சரிசெய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.