ஏ320 ஓவர்ஹெட் பேனல்: எழுத்து மட்டும் ஒளிர வேண்டுமானால்

கேள்வி: வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, சிமுலேட்டருக்காக ஏர்பஸ் ஏ320 விமானத்தின் காக்பிட்டைக் கட்டி வருகிறேன். விமானிகளின் தலைக்கு மேலே சுவிட்சுகள் நிறைந்திருக்கும் ஓவர்ஹெட் பேனலின் ஒரு பகுதிக்கு 3 மி.மீ. பால் வெள்ளை அக்ரிலிக் வாங்கி, சாம்பல் நிற ஸ்ப்ரே பெயிண்ட் அடித்து, லேசர் கடையில் எழுத்துகளைச் செதுக்கி, துளைகளையும் வெட்டி வாங்கிவிட்டேன். பின்புறம் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பை நேராக ஒட்டியிருக்கிறேன். சில எழுத்துகள் கண்ணைக் கூசுகின்றன, சில தெரியவே இல்லை. சுவிட்ச் துளைகளைச் சுற்றி வெள்ளை வளையமாக வெளிச்சம் கசிகிறது. வோல்டேஜைக் குறைத்து மங்கலாக்கினால் ஸ்ட்ரிப்பில் ஒரு துண்டு அணைந்தும் ஒரு துண்டு எரிந்தும் நிற்கிறது. பட்டன்களுக்குள் எரியும் எச்சரிக்கை விளக்குகளும் இந்த வெளிச்சத்தில் எடுபடவில்லை. எதைச் சரிசெய்ய வேண்டும்? பேனலையே மறுபடி செய்ய வேண்டுமா?

பதில்: மறுபடி செய்ய வேண்டியதில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த பால் வெள்ளை அக்ரிலிக் சரியான பொருள்தான், செதுக்கிய முறையும் சரிதான். மங்கலாக்கும்போது வரும் குறை மின்சாரம் சார்ந்தது. மற்ற மூன்றும், வெளிச்சம் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போவதால் வருபவை. பின்னொளிப் பேனல் செய்வதில் விளக்கு பொருத்துவது சிறிய வேலை. அந்த விளக்கின் வெளிச்சத்தை எழுத்தின் வழியாக மட்டும் வெளியே விடுவதுதான் பெரிய வேலை.

உண்மையான விமானத்தின் பேனல் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்தால் இது தெளிவாகும். வழக்கமான அமைப்பில், ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பலகையின் மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சும், அதன் மேல் ஒளி புகாத நிறப் பூச்சும் இருக்கும். எழுத்து இருக்கும் இடத்தில் நிறப் பூச்சை மட்டும் எடுத்துவிட்டு, வெள்ளையை அப்படியே விட்டுவிடுவார்கள். பலகைக்குள்ளே புதைத்திருக்கும் சிறு விளக்குகளின் ஒளி, அக்ரிலிக்கின் இரு முகங்களுக்கும் இடையே பட்டுத் தெறித்துப் பக்கவாட்டில் பரவி, நிறம் எடுக்கப்பட்ட இடத்தில் மட்டுமே வெளியே வரும். அதனால்தான் பகலில் அந்த எழுத்து வெள்ளை மையில் அச்சிட்டதுபோல் தெரிகிறது, இரவில் தானே ஒளிர்கிறது. உங்கள் பலகை பால் வெள்ளை என்பதால் வெள்ளைப் பூச்சு தனியாகத் தேவையில்லை. ஆனால் ஒளி புகாத பூச்சு என்ற ஒன்று உங்களிடம் இன்னும் இல்லை.

சாம்பல் பெயிண்ட் மட்டும் ஒளியைத் தடுக்காது. அதில் வெள்ளை நிறமி கலந்திருக்கும். பகலில் முழுமையாக மூடியதுபோல் தோன்றினாலும், பின்னால் விளக்கை வைத்தால் பலகை முழுவதும் மங்கலாக மினுங்கும். விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச்சைப் பேனலின் பின்புறம் ஒட்டினாற்போல் மெல்ல நகர்த்திப் பாருங்கள். நான் முதன்முதலில் செய்த பேனலை அப்படிப் பார்த்தபோது, தூசி விழுந்த இடங்களிலெல்லாம் ஊசிமுனை அளவுக்குப் புள்ளிகள், அமாவாசை வானம்போல் மின்னின. அன்றிலிருந்து, முதலில் கறுப்பு, பிறகு சாம்பல் என்ற வரிசையை மாற்றியதே இல்லை. பலகையை 400 எண் உப்புத்தாளால் தண்ணீர் விட்டு லேசாகத் தேய்த்து, துடைத்து, பளபளப்பில்லாத (மேட்) கறுப்பை ஒருமுறை கிடைவாட்டிலும், காய்ந்த பிறகு ஒருமுறை நெடுவாட்டிலும் மெல்லிதாக அடிக்க வேண்டும். டார்ச் சோதனையில் புள்ளி எதுவும் தெரியாத பிறகே சாம்பல். மொத்தமாக ஒரே தடவையில் தடிமனாக அடித்தால், லேசர் அந்தப் பூச்சை எரித்து எடுக்கும்போது எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும்.

கையிலிருக்கும் பேனலில் எழுத்து ஏற்கெனவே செதுக்கப்பட்டுவிட்டதால் முன்புறம் கறுப்பு அடிக்க முடியாது. அதற்குப் பதிலாகப் பின்புறத்தில், எழுத்துகள் இருக்கும் பகுதியை மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, மீதியைக் கறுப்பாக்கிவிடுங்கள். பலகைக்குள் ஒளி பக்கவாட்டில் பரவுவதால் எழுத்தைச் சுற்றி ஓரிரு சென்டிமீட்டர் இடம் விட வேண்டும். புதிதாகச் செய்யும் பேனலின் தரம் இதில் வராது. மினுக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

துளைகளைச் சுற்றித் தெரியும் வெள்ளை வளையத்துக்குக் காரணம் வேறு. பெயிண்ட் அடித்த பிறகு துளை வெட்டியதால், துளையின் உள்விளிம்பில் பெயிண்ட் கிடையாது. அதோடு கார்பன் டை ஆக்சைடு லேசர் அக்ரிலிக்கை வெட்டும்போது விளிம்பை உருக்கிக் கண்ணாடிபோல் பளபளப்பாக்கிவிடுகிறது. பலகைக்குள் பக்கவாட்டில் ஓடும் ஒளி வெளியேற அதைவிட நல்ல வாசல் வேண்டியதில்லை. மெல்லிய தூரிகையால், தண்ணீரில் கரையும் கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தைத் துளையின் உள்விளிம்பிலும் பேனலின் வெளி ஓரம் நான்கிலும் இரண்டு முறை பூசுங்கள். வளையம் போய்விடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பூசியது வழிந்துவிட்டதென்றோ, செதுக்கிய எழுத்தில் கரி படிந்திருக்கிறதென்றோ தின்னரையோ ஆல்கஹாலையோ தொட்டுத் துடைத்துவிடாதீர்கள். லேசர் வெட்டிய விளிம்பில் வெப்பத்தால் ஏற்பட்ட உள் இறுக்கம் தங்கியிருக்கும். அந்த இடத்தில் கரைப்பான் பட்டால், விளிம்பிலிருந்து உள்நோக்கி முடியிழைபோன்ற விரிசல்கள் ஓடும். பகலில் அவை அவ்வளவாகத் தெரியாது. பின்னொளி போட்டதும் ஒவ்வொரு விரிசலும் ஒரு வெள்ளிக் கம்பியாகத் தெரியும். சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். எழுத்துக்குள் கரி தங்கினால் அந்த எழுத்து மங்கலாகத்தான் எரியும் என்பதால், இந்தச் சுத்தம் செய்யும் வேலையைத் தவிர்க்கவும் கூடாது.

அடுத்தது, எழுத்துகள் ஏற்றத்தாழ்வாக ஒளிர்வது. மீட்டருக்கு 60 எல்இடி உள்ள ஸ்ட்ரிப்பில் ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் இடையே ஏறத்தாழ 17 மி.மீ. இடைவெளி இருக்கிறது. விளக்குக்கும் பேனலுக்கும் உள்ள தூரம் அந்த இடைவெளியைவிடக் குறைந்தால், ஒவ்வொரு விளக்கும் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். நீங்கள் ஸ்ட்ரிப்பைப் பேனலின் முதுகிலேயே ஒட்டியிருப்பதால், விளக்கின் நேர் மேலே இருக்கும் எழுத்து கூசுகிறது, சுவிட்சின் உடல் மறைக்கும் எழுத்து இருட்டில் கிடக்கிறது. ஸ்ட்ரிப்பைப் பிரித்தெடுத்துவிட்டு, பேனலின் பின்னால் குறைந்தது 20 மி.மீ. ஆழமுள்ள ஒரு பெட்டி அமையுங்கள். பெட்டியின் உட்புறம் முழுவதும் பளபளப்பில்லாத வெள்ளை அடித்து, எல்இடிகள் பேனலைப் பார்க்காமல் பெட்டியின் பின்சுவரைப் பார்க்கும்படி ஒட்டுங்கள். வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும்போது சுவரே விளக்காகிவிடுகிறது; சுவிட்சுகளின் நிழலும் கரைந்துவிடுகிறது. வெளிச்சம் குறைந்துவிடுமே என்று தோன்றலாம். குறையத்தான் செய்யும், அது நல்லதுதான்: இருட்டறையில் உட்கார்ந்து பறக்கும்போது, அந்த ஸ்ட்ரிப் தரக்கூடிய ஒளியில் மிகச் சிறிய பங்கே தேவைப்படும்.

பெட்டி அமைக்கும்போதே சுவிட்சுகளை அக்ரிலிக்கில் முடுக்காமல், அதன் பின்னால் 1.5 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றை வைத்து அதில் முடுக்குங்கள். எழுத்துகளுக்கு நேராகத் தகட்டில் திறப்பு விட்டால் போதும். நட்டை இறுக்கும் அழுத்தம் அக்ரிலிக்கில் விழுந்தால், சில மாதங்களில் துளையிலிருந்து விரிசல் விடும். ஓவர்ஹெட் என்பது தலைக்கு மேல் தொங்கும் பாரம் என்பதையும் நினைவில் கொண்டு, சட்டத்தைச் சுவரிலோ தரையிலிருந்து எழும் தூண்களிலோ தாங்கவைத்து, ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் போட்டுவிடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று பிவிசி ஃபோம் ஷீட்டை எந்தக் காரணத்துக்காகவும் லேசரில் வெட்டச் சொல்லாதீர்கள். அதிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தையும் அரிக்கும்.

மங்கலாக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று வெள்ளை எல்இடிகளும் ஒரு ரெசிஸ்டரும் தொடராக இணைந்தது ஒரு தொகுதி. ஒவ்வொரு எல்இடியும் ஏறத்தாழ 3 வோல்ட் எடுத்துக்கொள்வதால், மொத்த வோல்டேஜ் 9-ஐ நெருங்கும்போது மின்னோட்டம் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. எல்லாத் தொகுதிகளும் ஒரே புள்ளியில் நிற்பதில்லை, ஆகவேதான் ஒரு துண்டு அணைந்தும் ஒரு துண்டு எரிந்தும் தெரிகிறது. வோல்டேஜை 12-லேயே வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து அணைத்து ஏற்றும் பிடபிள்யூஎம் முறைக்கு மாறுங்கள். கணினியோடு இணைத்து சுவிட்சுகளையும் விளக்குகளையும் இயக்கும் ஆர்டுயினோ மெகா 2560 என்ற மின்னணுப் பலகையில் இதற்கென 15 முனைகள் (பின்கள்) இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் நொடிக்கு 490 முறை இந்த அணைத்தேற்றம் நடக்கிறது.

முனையை நேரடியாக ஸ்ட்ரிப்போடு இணைக்கக் கூடாது. இடையில் ஐஆர்எல்இசட்44என் போன்ற, 5 வோல்ட்டிலேயே திறக்கும் மாஸ்ஃபெட் ஒன்று வேண்டும். அது ஒரு மின்னணு சுவிட்ச்; டிரெயின், சோர்ஸ், கேட் என்று மூன்று கால்கள் கொண்டது. ஸ்ட்ரிப்பின் பிளஸ் 12 வோல்ட்டுக்கு, மைனஸ் மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கு, சோர்ஸ் கிரவுண்டுக்கு, கேட் 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஆர்டுயினோ முனைக்கு. கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட மறந்தால், கணினி துவங்கும் நேரத்தில் பேனல் தானாக எரியும். ஆர்டுயினோவின் கிரவுண்டும் 12 வோல்ட் சப்ளையின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். சாதாரண 3528 வகை ஸ்ட்ரிப் மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கும். ஓவர்ஹெட் முழுவதற்கும் 5 மீட்டர் என்றால் 24 வாட், அதாவது 2 ஆம்பியர். 3 ஆம்பியர் தரும் 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி) ஒன்றும், அதன் வாயிலில் ஒரு ஃப்யூஸும் போதுமானது.

நம் கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆர்டுயினோவில் பிடபிள்யூஎம் அளவை 0 முதல் 255 வரையிலான எண்ணாகக் கொடுக்கிறோம்; அதில் 128 கொடுத்தால் பாதி வெளிச்சமாகத் தோன்றும் என்று எதிர்பார்ப்போம். உண்மையில் அது முக்கால்வாசி போலத் தோன்றும். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் பாதித் திருப்பத்துக்கு 55, கால் திருப்பத்துக்கு 12 என்ற அளவில் மதிப்புகளை வளைத்துக் கொடுத்தால்தான் குமிழைத் திருப்பும்போது ஒளி சீராக ஏறும். மொபிஃப்ளைட் என்ற இலவச மென்பொருளில் இத்தகைய மதிப்பு அட்டவணையை நிரல் எழுதாமலேயே அமைக்க முடியும். சிமுலேட்டருக்குள் இருக்கும் ஓவர்ஹெட் ஒளிக்குமிழின் மதிப்பை உங்கள் முனையோடு பிணைக்கவும் அதையே பயன்படுத்தலாம்.

எச்சரிக்கை விளக்குகள் எடுபடாததற்குக் காரணம், இரண்டு வெவ்வேறு ஒளிகளை ஒரே அறையில் குடிவைத்திருப்பது. ஏ320-இல் எழுத்துகளின் பின்னொளியை ஒரு குமிழ் கட்டுப்படுத்துகிறது. பட்டன்களுக்குள் எரியும் ஃபால்ட் (கோளாறு), ஆஃப் (அணைக்கப்பட்டது), அவைல் (தயார்) போன்ற சொற்களை, டெஸ்ட், பிரைட், டிம் என்று மூன்று நிலைகள் கொண்ட தனி சுவிட்ச் கட்டுப்படுத்துகிறது. எல்லாம் முறையாக இயங்கும்போது பட்டன்கள் இருண்டு கிடக்க வேண்டும், ஏதாவது பிசகினால் மட்டுமே ஒளிர வேண்டும் என்பது அந்த விமானத்தின் அடிப்படைக் கோட்பாடு. பின்னொளி பட்டனுக்குள் கசிந்து, ஆம்பர் நிற ஃபால்ட் எரியாதபோதும் லேசாகத் தெரிந்தால் அந்தக் கோட்பாடே குலைந்துவிடுகிறது. இதில் மட்டும் சமரசம் செய்துகொள்ளாதீர்கள்.

ஆகவே ஒவ்வொரு பட்டனுக்கும் தனிக் கூண்டு, கூண்டுக்குள் மேல் சொல்லுக்கும் கீழ்ச் சொல்லுக்கும் நடுவே ஒரு தடுப்பு. 3டி பிரிண்டரில் செய்தால் கறுப்பு இழையையே பயன்படுத்துங்கள். வெள்ளை இழையில் 1 மி.மீ. சுவர் விளக்கு வெளிச்சத்தில் மெழுகுபோல் ஒளி விடும். ஆர்டுயினோவின் சில முனைகளைக் கொண்டே எட்டு விளக்குகளைத் தனித்தனியாக இயக்கும் 74எச்சி595 என்ற சிப் மூலம் இந்த விளக்குகளை இயக்கலாம். ஒரு சிப் மொத்தமாக 70 மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காது என்பதால், எட்டு விளக்குகளும் சேர்ந்து எரிந்தாலும் அதைத் தாண்டாதபடி ஒவ்வொன்றையும் 8 மில்லி ஆம்பியருக்குள் நிறுத்துங்கள்: வெள்ளைக்கு 220 ஓம், ஆம்பருக்கு 390 ஓம். எல்லா சிப்களிலும் வெளியீட்டைத் திறந்து மூடும் அவுட்புட் எனேபிள் காலையும் ஒன்றாக இணைத்து ஒரே பிடபிள்யூஎம் முனைக்குக் கொடுத்தால், பிரைட், டிம் இரண்டும் ஒரே கம்பியில் முடிந்துவிடும். அந்தக் கால் தலைகீழாக இயங்கும், சுழியம் கொடுத்தால்தான் முழு வெளிச்சம்.

ஸ்ட்ரிப்பின் நிறத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அது நீலம் தொனிக்கும் 6500 கெல்வின் வெள்ளையாக இருந்தால், 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் கலந்த வெள்ளைக்கு மாற்றுங்கள். இழை விளக்கு போட்ட பழைய பேனலின் சாயல் அதில் வரும், இரவு நெடுநேரம் பறந்தாலும் கண் சோராது.

வேலையை எல்லாப் பேனல்களிலும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். இரண்டு பேட்டரி பட்டன்கள் உள்ள மின்சாரப் பகுதியை மட்டும் கறுப்புப் பூச்சிலிருந்து டிம் நிலை வரை முழுமையாக முடியுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் காத்திருந்து, பின்னொளியை முழுதாக ஏற்றி, எல்லா எச்சரிக்கை விளக்குகளையும் அணைத்துவிட்டுப் பட்டன்களைப் பாருங்கள். அடுத்து பின்னொளியை அணைத்துவிட்டு, ஃபால்ட்டை மட்டும் எரியவிட்டு, அதன் கீழே உள்ள ஆஃப் தெரிகிறதா என்று பாருங்கள். ஒளி தெரிந்த ஒவ்வோர் இடத்தையும் பென்சிலால் குறித்துவைத்து, மறுநாள் பகலில் அலுமினிய ஃபாயில் டேப்பால் அடைத்து, அன்றிரவு மீண்டும் அதே சோதனையைச் செய்யுங்கள். டேப் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், சோல்டர் செய்த முனைகளின் மேல் அது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.